முப்பது காசு வித்தியாசம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்து பதினோரு நாள் ஆகிறது. பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. சுவரில் இருக்கும் அழுக்கெல்லாம் இப்போதுதான் தெரிகிறதாம், அதற்கு எனக்குத் திட்டு. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? கையை மேலே தூக்க முடிகிறதா, இல்லை இன்னும் கரும்பலகையின் கீழ்ப் பாதியிலேயே பாடம் நடத்துகிறாயா?

போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பணத்தைப் பற்றிப் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை. நான் இணையக் கடை தொடங்கியதைச் சொன்ன அன்று நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "உலகத்துல வயலின் வாசிக்கிறவங்க எத்தனை பேரு? அதுல கழுத்து புண்ணாகிறவங்க எத்தனை பேரு? அதுல உன்னைத் தேடி வந்து வாங்கப்போறவங்க எத்தனை பேருடி?" புள்ளியியல் பேராசிரியைக்கு அது வெறும் கேள்வி. எனக்குக் கன்னத்தில் விழுந்த அறை. போகட்டும். இப்போது எனக்கு உன் மூளை வேண்டும், வாய் வேண்டாம். அதனால்தான் கடிதம்.

மகளின் கழுத்துப் புண்ணுக்காகத் தைத்தேனே, வயலினில் தாடை வைக்கும் கட்டைமேல் மாட்டுகிற துணி மெத்தை, அதைத்தான் விற்கிறேன். விலை வெளிநாட்டுப் பணத்தில் இருபது, தபால் செலவும் அதிலேயே அடக்கம். வாங்குகிறவர் இருபது கொடுக்கிறார். என் வங்கிக்கு வந்து சேருவதை அதே பணமாக மாற்றிப் பார்த்தால் பதினெட்டு நாற்பத்திரண்டு. பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனத்தின் அறிக்கையில் 'கட்டணம் 1.20' என்று ஒரே வரி இருக்கிறது. ஒன்று இருபது எதற்கு? அது போனாலும் பதினெட்டு எண்பது வர வேண்டுமே, மீதி முப்பத்தெட்டுக் காசு எங்கே போனது?

இவரிடம் கேட்டேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவருக்கு எல்லாமே லிஃப்ட்தான். "மேல ஏறும்போது ஆறு பேரு. கதவு திறந்தா அஞ்சு பேரு. நடுவுல எந்த மாடியில ஒருத்தன் இறங்கினான்னு உங்க அக்காகிட்ட கேளு" என்றார்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை அக்கா. தையல் நிறுவனத்தில் என் ஒப்பந்தம் மே 31 அன்று முடிகிறது. அதற்குள் வேலையை விடுகிறேன் என்று சொல்லாவிட்டால் இன்னொரு வருடம் கட்டாயம். விட்டுவிட்டு, தடித்த துணி தைக்கும் இயந்திரத்தைத் தவணையில் எடுத்து, இதையே முழு நேரமாகச் செய்யலாமா என்று பார்க்கிறேன். கையில் வருவது எவ்வளவு என்றே தெரியாமல் பதினான்கு வருட வேலையை விட முடியுமா?

மூன்று மாத அறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா உன்னைச் சாப்பிடச் சொன்னாள்.

உன் ஊசி


ஜனவரி 27

அன்புள்ள ஊசிக்கு,

கடிதமும் அறிக்கையும் கிடைத்தன. நான் நலம். தோள் அப்படியே இருக்கிறது. கரும்பலகையின் கீழ்ப் பாதி போதுமானதாக இருக்கிறது. அம்மா சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா என்பதை மட்டும் எழுது. அவள் 'போட்டேன்' என்று சொல்வதை நம்பாதே, புட்டியில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்.

என் வாயைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன்.

அந்த நிறுவனத்தின் விதிமுறைப் பக்கங்களை முழுவதும் படித்தேன். யாரும் படிக்கக் கூடாது என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை. உன் ஒன்று இருபதில் மூன்று பேர் இருக்கிறார்கள். முதலாவது, விற்ற தொகையில் நூற்றுக்கு மூன்று: இருபதுக்கு அறுபது காசு. இரண்டாவது, தொகை எதுவானாலும் ஒவ்வொரு விற்பனைக்கும் முப்பது காசு. மூன்றாவது, வெளிநாட்டு விற்பனைக்காக நூற்றுக்கு ஒன்றரை, அது இன்னொரு முப்பது காசு. மொத்தம் ஒன்று இருபது.

காணாமல் போன முப்பத்தெட்டுக் காசு கட்டணமே இல்லை என்பது அவர்கள் வாதம். உன் பணத்தை நம் ஊர்ப் பணமாக மாற்றும்போது சந்தை விலையைவிட நூற்றுக்கு இரண்டு குறைவான விலையில் மாற்றுகிறார்கள். அறிக்கையில் அதற்குத் தனியாக ஒரு வரியும் கிடையாது, பெயரும் கிடையாது. அன்றைய மாற்று விலையை நீயே செய்தித்தாளில் பார்த்து ஒப்பிட்டால்தான் தெரியும். வீட்டுக்காரரிடம் சொல், ஆறாவது ஆள் எந்த மாடியிலும் இறங்கவில்லை. லிஃப்ட்டே கொஞ்சம் சிறியதாகிவிட்டது.

இரண்டாவது ஆளைக் கவனி. மெத்தையை வயலினோடு கட்டும் பட்டையைத் தனியாகவும், ஒன்று இரண்டுக்கு விற்கிறாய். கட்டணம் முப்பத்தொன்பது காசு. ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போகிறது.

வேலையை விடுவது பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை. என்னிடம் போதுமான தகவல் இல்லை.

அம்மாவுக்கு என் விசாரிப்பு.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அடுக்களையில் நின்றபடி மூன்று முறை படித்தேன். நான்காவது முறை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "லிஃப்ட் சின்னதாயிடுச்சா! அக்காவுக்கு இவ்வளவு நகைச்சுவை வருமா?" என்று ஆச்சரியப்பட்டார். புட்டியில் மருந்து குறைகிறது. ஆனால் அம்மா அதைக் கண்ணில் விடுகிறாளா தொட்டிச் செடியில் விடுகிறாளா என்பதற்கு என்னிடம் போதுமான தகவல் இல்லை.

பட்டைகளை ஐந்தைந்தாகக் கட்டிப் பத்து என்று போட்டுவிட்டேன். தனித்தனியாக விற்றால் கட்டணம் ஏறக்குறைய இரண்டு. இப்போது முக்கால். ஒரு முடிச்சுப் போட்டதற்கு இவ்வளவு மிச்சம்! இந்த விஷயம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இடைவேளையில் மற்றவர்கள் கதை பேசும்போது நான் அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விற்பனையையும் உன் மூன்று பேரோடு ஒத்துப் பார்க்கிறேன். நெய்த துணியில் விட்டுப்போன இழையைத் தேடுவது மாதிரிதான். என் கண் அதற்குப் பழகியது.

அப்படிப் பார்த்ததில் ஒரு விசித்திரம். வயலின் வாத்தியாரம்மாவின் ஆர்டர்களில் மட்டும் கட்டணம் 1.20 இல்லை, 0.90. பத்தொன்பது முறையும் அப்படித்தான். அவர் யார் என்று சொல்லியிருக்கிறேனே, என் கடையில் முதன்முதலாக வாங்கியவர். 'மாணவர்களுக்காக' என்று குறிப்பு எழுதியவர். அந்த முதல் ஆர்டர் தாளை இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருடம் முழுக்க வந்த அறுபத்து நான்கு ஆர்டரில் திரும்பத் திரும்ப வாங்கியவர் அவர் ஒருவர்தான். அவரும் வெளிநாடுதானே, உன் ஊர்தானே! அவருக்கு மட்டும் உன் மூன்றாவது ஆள் ஏன் வரவில்லை? நல்லவர்களுக்குத் தள்ளுபடியா?

இன்னொன்று. உன் ஊர் என்றவுடன் தோன்றியது. முகவரி என்னிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவரைப் பார்த்துவிட்டு வாயேன். நவம்பரில் அவர் எழுதியிருந்தார், மெத்தை இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்தால் மெத்தென்று இருக்கும் என்று. எவ்வளவு தடிமன் என்று நேரில் கேட்டால் தெரிந்துவிடும். நீ என்னைப் போல் இல்லை, ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிந்தவள்.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? மகள் உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

ஊசி


மார்ச் 8

அன்புள்ள ஊசிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. தேர்வுத் தாள்கள். நான் நலம், தோள் இரண்டு வாரமாகக் கொஞ்சம் தேவலை.

பட்டை விஷயத்தில் நீ செய்தது சரி. கட்டணத்தில் உன்னால் மாற்றக்கூடியது அது ஒன்றுதான், எத்தனை முறை அந்த வாசலைத் தாண்டுகிறாய் என்பது. அதே போல், வாரந்தோறும் பணத்தை வங்கிக்கு எடுக்காமல் வெளிநாட்டுப் பணமாகவே அங்கே விட்டு வைக்க முடியும் என்று விதிமுறையில் இருக்கிறது. துணியை வெளியிலிருந்து வரவழைக்கிறாய் அல்லவா? அதற்கான பணத்தை மாற்றாமல் அப்படியே அங்கிருந்து கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு மிச்சம்.

முகவரியை அனுப்ப வேண்டாம். வாங்குகிறவர் கொடுத்த முகவரியைப் பொருள் அனுப்புவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். முன்பின் தெரியாதவர் வாசலில் போய் நிற்பது எனக்கும் வராது.

தடிமன் பற்றி ஒருவர் சொன்னதை வைத்து எதையும் மாற்றாதே. ஒருவர் சொன்னால் அது தகவல் ஆகாது.

அம்மாவின் அடுத்த பரிசோதனை எப்போது?

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பரிசோதனை முடிந்தது, கண் சுத்தம். வைத்தியர் பாராட்டியதும் அம்மா என் பக்கம் திரும்பி, "பார்த்தியா, செடியும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆக இரண்டுக்கும் விட்டிருக்கிறாள்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே தடிமன் மாற்றிவிட்டேன். பிப்ரவரிக் கடைசியிலேயே. ஒரு அடுக்குப் பஞ்சு கூடுதல். 'ஒருவர்' என்று எழுதியிருந்தாய். அக்கா, பத்தொன்பது முறை வாங்கியவர் ஒருவர் இல்லை, பத்தொன்பது பேர். தினமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தெரியாதா? பழைய அளவை நிறுத்திவிட்டேன். இப்போது கடையில் இருப்பது எல்லாம் தடிமன்தான், பன்னிரண்டு போயிருக்கிறது. ஆனால் அவரே இன்னும் வாங்கவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

மேலாளரிடம் மே மாதத்தைப் பற்றிக் கோடி காட்டினேன். "ஏம்மா, வயலினை நம்பியா வேலையை விடறே?" என்றார். "வயலினை இல்ல சார், கழுத்தை" என்றேன். சிரித்துவிட்டார்.

0.90 பற்றி நீ எழுதவில்லை. மறந்துவிட்டாய் போல. நீ மறக்கிற ஆள் இல்லையே என்று இவர் சொல்கிறார். பரவாயில்லை, அடுத்த கடிதத்தில் எழுது.

ஊசி


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனில் அம்மாவிடம் பேசியிருக்கிறாய், நான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து. தோள் தேவலை என்று சொன்னாயாம்.

பன்னிரண்டு தடிமன் மெத்தையில் ஏழு திரும்பி வந்துவிட்டது. வயலின் உயர்ந்துவிடுகிறது, கழுத்தைச் சாய்த்தால் வலிக்கிறது என்று ஏழு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் இருபதைத் திருப்பிக் கொடுத்தேன். அறிக்கையைப் பார்த்தால் கட்டணம் 1.20 எனக்குத் திரும்பி வரவில்லை. ஏழு தடவையும். விற்காத பொருளுக்கு எட்டு நாற்பது கட்டியிருக்கிறேன், போக வரத் தபால் செலவு தனி. ஏன் திருப்பித் தருவதில்லை? இதற்கு விளக்கம் எழுது.

வருகிற மாதம் 31 ஆம் தேதி என்னவென்று உனக்குத் தெரியும்.

0.90 பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

ஊசி


மே 5

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முதலில் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி. அவர்கள் வேலை பணத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவது. அது நடந்துவிட்டது. பொருள் பிடித்ததா இல்லையா என்பது அவர்களுக்குச் சம்பந்தமில்லாதது. நீ திருப்பிக் கொடுப்பது அவர்கள் பார்வையில் ஒரு புதிய நகர்த்தல். அதற்குக் கூடுதலாக எதுவும் வாங்கவில்லை என்பதையே சலுகையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்து, நீ மூன்று கடிதங்களில் கேட்டு நான் எழுதாமல் விட்டது.

மூன்றாவது கட்டணத்தை 'வெளிநாட்டு விற்பனைக்கு' என்று ஜனவரியில் எழுதினேன். அது சரியல்ல. சரியல்ல என்று தெரிந்துதான் எழுதினேன். பொட்டலம் எங்கே போகிறது என்பதை அந்த நிறுவனம் பார்ப்பதில்லை. பணம் கொடுக்கும் அட்டை எந்த நாட்டு வங்கியுடையது என்பதைத்தான் பார்க்கிறது. பத்தொன்பது முறையும் அந்த முப்பது காசு பிடிக்கப்படவில்லை என்றால், பொட்டலம் இந்த ஊருக்கு வந்தாலும் அட்டை உன் ஊர் வங்கியுடையது.

அந்த அட்டை என்னுடையது. முகவரியும் பெயரும் எங்கள் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணியுடையவை. வயலின் வாத்தியாரம்மா என்று யாரும் இல்லை.

நான் போனில் அப்படிக் கேட்ட பிறகு நீ மூன்று மாதம் கடையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நாள் உன் கடையைத் திறந்து பார்த்தேன். 'விற்றவை: 0' என்று இருந்தது. நான் கேட்ட கேள்விக்கு அதுதான் விடையாகிவிடுமோ என்று இருந்தது. ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் கழித்து நீ போனில், "அக்கா, ஒண்ணு வித்துடுச்சு!" என்று கத்தினாய். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றுதான் இரண்டாவதை வாங்கினேன். மூன்றாவதற்குப் பிறகு காரணம் எதுவும் இல்லை, வழக்கமாகிவிட்டது.

நான் நம் ஊரில் வேலை பார்த்தபோது சேர்த்த பணம் பழைய கணக்கில் இருக்கிறது. என்றாவது உனக்கு உதவும் என்று தொடாமல் வைத்திருந்தது. உன் மெத்தைக்கு அதிலிருந்து கொடுப்பதுதான் முறை என்று தோன்றியது. கட்டணத்தை யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக மாணவர்களிடம் 'உங்கள் கணக்கில் விட்டுப்போனது என்ன?' என்று கேட்கிறவள் நான்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. எப்போதும் பாராட்டே எழுதினால் நீ சந்தேகப்படுவாய் என்று நவம்பரில் ஒரு குறை எழுதினேன். தடிமன் பற்றியது. அது என் கற்பனை. என் வாழ்க்கையில் வயலினைக் கையில் பிடித்ததில்லை. நீ அதை நம்பிப் பஞ்சை அடுக்கினாய். அந்த ஏழும் என்னால் திரும்பி வந்தவை.

மே 31 பற்றி இப்போது என்னிடம் தகவல் இருக்கிறது. அறுபத்து நான்கில் பத்தொன்பதைக் கழித்துவிட்டுப் பார். மீதி நாற்பத்தைந்து. அவர்களில் இரண்டாம் முறை வாங்கியவர் யாரும் இல்லை. இதை உனக்கு ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும். ஏப்ரல் கடிதம் எழுதும்போதே தெரியும். மார்ச் கடைசியில் அந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான்.

"மேடம், அந்தக் கட்டணம் பார்சல் போற இடத்துக்கு இல்ல. கார்டு எந்த நாட்டுதுன்னு பார்த்துப் போடறது."

"அப்போ இந்த கார்டு எந்த நாடு தம்பி?"

"உங்க நாடுதான் மேடம். பேரெல்லாம் சொல்லக் கூடாது. அறிக்கையில கடைசி நாலு எண் இருக்கும், இரண்டாம் பக்கம் பாருங்க."

பார்த்தேன். உன் பழைய அட்டை புதுப்பித்து வந்தபோது பதிவுத் தபாலில் உனக்கு அனுப்பியது நான்தான். 'எண்ணைக் குறித்து வை, தொலைந்தால் வேண்டும்' என்று சொன்னது நீதான். அடுக்களை அலமாரிக் கதவின் உள்பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. மிளகுத்தூள் எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன்.

நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். எழுதினாய். அதுவரை சரி.

நீ வாங்கியதற்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இயந்திரத்தில் ஒட்டியிருந்த தாளை எடுத்துவிட்டேன், பசை போகவில்லை, அழுக்காகத் தெரிகிறது, அம்மா கேட்கிறாள். ஆனால் அதை மறந்துவிடுவேன். தடிமனைத்தான் மறக்க முடியவில்லை. என் கை பார்த்துச் சரி என்று சொன்ன அளவை நான் ஒரு வாத்தியாரம்மாவுக்காக மாற்றினேன். "பார்த்தியா, உனக்கு உன் கையைவிட அடுத்தவங்க வாய்மேலதான் நம்பிக்கை" என்று இவர் சொன்னார். வலித்தது, ஆனால் உண்மை.

ஒப்பந்தத்தை விடவில்லை. மேலாளரிடம் போய், "முழு வருஷம் வேணாம் சார், வாரத்துல நாலு நாள் வர்றேன்" என்றேன். "கழுத்து என்ன ஆச்சு?" என்றார். "இன்னும் ஆராய்ச்சியில இருக்கு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். இயந்திரம் இப்போதைக்கு இல்லை. பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன்.

உன் பணத்தைத் திருப்பித் தரலாம் என்று நினைத்தேன். பத்தொன்பது முறை திருப்பினால் பத்தொன்பது தொண்ணூறு காசு என் தலையில், பதினேழு பத்து. நீதானே கற்றுக்கொடுத்தாய். அதனால் தர மாட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய். பத்தொன்பது மெத்தையும் உன்னிடம்தானே இருக்கிறது? அவற்றை எடுத்துக்கொண்டு உண்மையாகவே வயலின் வாசிக்கிறவர்களிடம் போ. முன்பின் தெரியாதவர் வாசல்தான். போய் நில். விற்காதே, கேள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுது. எனக்காக ஒரு சொல்கூட நல்லதாக்காதே.

ஊசி


ஜூன் 19

அன்புள்ள ஊசிக்கு,

உன் கடிதத்துக்குப் பின் எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் நலம்.

பதினேழு மெத்தைகளோடு போனேன். மீதி இரண்டைப் பயன்படுத்திவிட்டேன். ஒன்று கணினி மேசையில் மணிக்கட்டுக்கு அடியில். இன்னொன்றை வலிக்கிற தோளுக்கு முட்டுக்கொடுத்துப் படுக்கிறேன்; பிப்ரவரியிலிருந்து வலி குறைந்திருக்கிறது. மருந்தும் சாப்பிடுவதால் காரணம் எது என்று சொல்ல முடியாது.

முகவரி கொடுத்த பெண்மணியிடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க வயலின் கத்துக்கறீங்க, வெளியில சொல்ல வெட்கப்படறீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அவளுடைய அண்டை வீட்டுக்காரர் எங்கள் பல்கலைக்கழக இசைத்துறையில் வாசிக்கிறாராம். அங்கே அழைத்துப் போனாள்.

பயிற்சி அறைகள் ஒரு நீண்ட நடைபாதையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் வேறு வேறு பாட்டு. கதவைத் தட்டுவதற்கு முன் சில அறைகளின் வெளியே நின்றேன். பதினொரு பேரைப் பார்த்தேன். ஒவ்வொருவரையும் கால் மணி நேரம் வாசிக்கச் சொன்னேன், ஒன்றும் சொல்லாமல் கவனித்தேன்.

ஏழு பேருக்குப் பிடித்தது. இருவருக்கு எந்த மெத்தையும் ஆகாது. அவர்கள் வெறும் கட்டையில் தாடை பட்டால்தான் ஒலி எலும்பு வழியாகக் கேட்கிறது என்கிறார்கள். எனக்கு அது புதிது. ஒரு பையன் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்றான், அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மெத்தென்று இருப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் வியர்வை. அரை மணி நேரம் வாசித்தால் துணி நனைந்துவிடும் என்கிறார்கள். கழற்றித் துவைக்க மேலுறை தனியாக வேண்டும் என்று ஐந்து பேர், ஒருவரை ஒருவர் கேட்காமல், சொன்னார்கள். பட்டையின் உலோகக் கொக்கி கழுத்தில் கறுப்புத் தடம் விடுகிறது, மூவர் காட்டினார்கள். பட்டை நீளம் சரி. தையலை எல்லோரும் புரட்டிப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் இது என் ஊகம்.

பதினொன்றாவது ஆள் என் வயதுப் பெண். கழுத்தில் பழைய தழும்பு. அவள் வாசிக்கும்போது என் குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை, அதைப் பிறகுதான் கவனித்தேன். வாசித்து முடித்து மெத்தையைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். "சாம்பல் நிறத்துல இருக்குதா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "கறுப்பு என் வயலினுக்கு ஒட்டாது" என்றாள். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், வேண்டாம் என்று போய்விட்டாள். இதைப் 'பிடித்தது' என்றோ 'பிடிக்கவில்லை' என்றோ என்னால் எழுத முடியவில்லை. 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

எதையும் நல்லதாக்கவில்லை.

நான் செய்ததற்கு மன்னிப்பு என்ற சொல்லை இதுவரை எழுதவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. மன்னித்துக்கொள்.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு உன் போன கடிதத்தை எழுத்து விடாமல் படித்துவிட்டாள். "அவ மன்னிப்பெல்லாம் கேக்கறாளா? உடம்பு சரியில்லையா?" என்று பயந்து போனாள். பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒரு மணி நேரம் சிரித்தாள். பிறகு பசை அழுக்கைத் தேங்காய் எண்ணெய் தொட்டு அவளே துடைத்தாள்.

மேலுறையைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி வெட்டிவிட்டேன். கொக்கிக்குப் பதில் மரப் பொத்தான். உறை மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு மூன்று உறையாகச் சேர்த்துத்தான் விற்கிறேன், ஒற்றையாக இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பு கடையில் புதுப் படம் போட்டேன். கறுப்பு, பழுப்பு, சாம்பல்.

நேற்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போனைப் பார்த்தால் ஒரு ஆர்டர். உன் ஊர். சாம்பல் நிறம், ஒன்று. குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை. பாராட்டும் இல்லை, குறையும் இல்லை.

நீ மறுபடியும் ஆரம்பித்துவிட்டாயா என்று நினைத்தேன். பெயரைப் பார்க்கவில்லை, முகவரியைப் பார்க்கவில்லை. நேராக அறிக்கைக்குப் போய்க் கட்டண வரியைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "என்னக்கா, காசு போயிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பாமல் திரும்பிக்கொண்டாள்.

ஒன்று இருபது, அக்கா. அந்த முப்பது காசும் சேர்த்து, முழுசாகப் பிடித்திருக்கிறார்கள்.

தோளுக்கு முட்டுக்கொடுக்கிற மெத்தையின் உறையைக் கழற்ற முடியாது, பழைய மாதிரி. துவைக்காமல் வைத்திருப்பாய். புதியது ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். பணம் அனுப்பாதே.

உன் ஊசி